பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஓர் ஊர் வளருமா?

"எங்கள் ஊர் ஒரு பழைய பள்ளிக்கூடத்தால்தான் ஊரானது என்கிறார்கள், நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அதில் படிக்காதவர் போலிருக்கிறது. நானும் எங்கள் ஊர்க் கல்லூரியில் படிக்கவில்லை. ஆனாலும் நம்புகிறேன்.

எனக்கு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. பெயரைச் சொன்னதும், தனித் தமிழீழம் வேண்டும் என்று அங்கே நிறைவேறிய 1976 தீர்மானத்தைத்தான் கேட்பார்கள். ஆனால் ஊரின் பெயர் அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தோடு சேர்ந்தது. 1823லேயே அமெரிக்க கிறிஸ்தவ மிசன் அங்கே செமினறி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். ஏட்டிலே கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றியவர் அந்தத் தாமோதரம்பிள்ளை.

உடனே சண்டைக்கு வராதீர்கள். மிசன் வந்தது மதம் பரப்பத்தான், நான் மறைக்கவில்லை. அதற்கு முன்பே அங்கே வயலும் கோயிலும் சனமும் இருந்தன, அதையும் மறுக்கவில்லை. ஆனால் 1855இல் செமினறியை மூடினார்கள். ஆங்கிலம் படித்த பெடியன்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது மிசன் மேலிடத்தின் குறை. ஊர் விடவில்லை. பழைய மாணவர்களும் சேர்ந்து கேட்டுக் கேட்டு, 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. வேண்டாத பள்ளிக்கூடத்துக்கு யார் இப்படி அலைவார்கள்?

என் அப்பம்மா பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவ. கல்லூரி விடுதிப் பெடியன்களுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தவ. விடியப்புறம் குப்பி விளக்கு வெளிச்சத்தில் இடியப்ப உரலைப் பிழிவா. உள்ளங்கையில் அந்தப் பிடி அழுத்திய இடம் காய்த்துப்போய் மஞ்சளாக இருக்கும், சின்ன வயதில் அதைத் தடவித் தடவிப் பார்ப்பேன். கடகத்தைத் தலையில் வைத்து ஒழுங்கையால் நடந்து முதல் மணிக்குள் போய்ச் சேரவேண்டும். வீட்டில் மணிக்கூடு கிடையாது. கல்லூரி மணிதான் எங்களுக்கு நேரம். லீவு விட்டால் எங்கள் வீட்டில் கறி குறையும். அந்தக் காசில்தான் அப்பா படித்தார். எந்த நூற்றாண்டு மலரிலும் அவவின் பெயர் இல்லை, அது எனக்கு இன்றைக்கும் ஆறாத கவலை.

   

உங்கள் ஊரில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சமைத்தவர்கள், வெளுத்தவர்கள், வண்டில் விட்டவர்கள் வீடுகளில் போய்க் கேளுங்கள், அந்தப் பள்ளிக்கூடத்தால் ஊர் வளர்ந்ததா என்று.