நேரமே இல்லாத மேலாளர் தன் டீமை எப்படி நல்லபடியாக நடத்துவது?

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். ஆறு லைன், லைனுக்கு ஒரு சூப்பர்வைசர், ஒரு கட்டிங் மாஸ்டர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து இருநூறு பேருக்குக் கொஞ்சம் குறைவு. நாள் முழுக்க மீட்டிங்கும் போனுமாக ஓடுகிற மேலாளர் டீமைக் கவனிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடம் நானும் அப்படித்தான் ஓடினேன். அந்த ஓட்டத்தில் பாதி நானாக இழுத்து விட்டுக்கொண்டது என்று ஒரு மதியம்தான் உறைத்தது.

அன்றைக்குப் பையரின் க்யூசி, அதாவது துணி வாங்கும் கம்பெனியின் தரம் பார்க்கும் ஆள், வந்திருந்தார். போனை சைலண்டில் போட்டுவிட்டு ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தேன். வெளியே வந்தபோது மணி ஒன்றை நெருங்கியிருந்தது. மூன்றாவது லைனில் நேவி ப்ளூ டி-ஷர்ட். பாடித் துணி ஒரு லாட்டில் சாயம் ஏறியது, கழுத்தில் வைக்கும் ரிப் பட்டை வேறு லாட். ட்யூப் லைட்டுக்குக் கீழே இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தால் ரிப் லேசாகச் சிவப்படித்தது. அதற்குள் முந்நூறு பீஸுக்கு மேல் கழுத்து ஏற்றி முடித்திருந்தார்கள்.

இதைப் பிரித்துத் தைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஓவர்லாக் மெஷின் தைக்கும்போதே ஓரத்தைக் கத்தியால் வெட்டிக்கொண்டு போகும். பிரித்து மறுபடி ரிப் வைத்தால் கழுத்து அளவு பெரிதாகிவிடும். மறைக்கவும் முடியாது. 3,000 பீஸ் லாட் என்றால் பையர் ஆள் பொதுவாக 125 எடுத்துப் பார்ப்பார். எத்தனை பழுது வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். அளவுகோலில், 2.5 கணக்கில் ஏழு பழுது வரை பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில்.

சூப்பர்வைசர் அக்காவிடம், "எப்பக்கா பாத்தீங்க?" என்றேன்.

"பத்தே முக்காலுக்கே பாத்துட்டனுங்க சார். மூணு தடவ போன் போட்டேன், நீங்க எடுக்கலீங்க."

"லைன நிறுத்தியிருக்கலாமேக்கா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பண்டலை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "போன மாசம் அஞ்சாவது லைன் புள்ள நிறுத்துனதுக்கு என்ன பேசுனீங்கன்னு எல்லாருமே கேட்டமுங்க சார்."

பேசினேன்தான். ஷிப்மென்ட் நெருக்கடியில், எல்லோர் முன்னாலும். எனக்கு அது அன்றே மறந்துபோயிற்று. ஆறு லைனும் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டிருந்தது.

டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் ஆண்டன் என்று ஒரு ஏற்பாடு உண்டு. பழுதைப் பார்த்த தொழிலாளி யாராக இருந்தாலும் கயிற்றை இழுக்கலாம். இழுத்ததும் ஓடி வருவது பக்கத்திலேயே இருக்கும் டீம் லீடர். மேனேஜரைத் தேடிக்கொண்டு யாரும் போவதில்லை. எங்களிடம் கயிறு ஏது? கட்டிங் வேஸ்டில் கிடந்த சிவப்புத் துணியை ஆறு துண்டாக்கி லைனுக்கு ஒன்று கொடுத்தேன். ஷேடு (நிறச் சாயல்) மாறினாலோ, ஒரே பழுது அடுத்தடுத்து மூன்று பீஸில் வந்தாலோ துணியைக் கட்டி லைனை நிறுத்தலாம். என்னைக் கேட்க வேண்டாம். ஆளை மெஷின் மாற்றி உட்கார வைப்பது, அரைநாள் லீவு, ஐந்நூறு ரூபாய்க்குள் சில்லறைச் செலவு, இவையும் சூப்பர்வைசர்கள் பொறுப்பு. பீஸ் ரேட், அளவு டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது), ஷிப்மென்ட் தேதி மூன்றும் மட்டும் என்னிடம் வரும். இதை ஒரு சார்ட்டில் எழுதி கட்டிங் டேபிளுக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.

சார்ட் ஒட்டுவது சுலபம். இரண்டாவது வாரமே ஒருவர் லைனை நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டார். பார்த்தால் பழுதே இல்லை; அந்த ஸ்டைலே அப்படித்தான், அப்ரூவ்டு சாம்பிளிலும் அப்படியே இருந்தது. அன்று மாலை கண்டெய்னர் ஏற்ற வேண்டிய ஆர்டர் வேறு. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "சாம்பிளை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடந்தது, சாவி என்னிடம்! அன்றிலிருந்து சாம்பிள் அந்தந்த லைனிலேயே தொங்குகிறது. முதலாளியிடம் அந்த நாற்பது நிமிடத்துக்கு நான்தான் பதில் சொன்னேன், லைனை நிறுத்தியவர் பெயரை எடுக்கவில்லை. இது லைனுக்குத் தெரிந்த பிறகுதான் சார்ட்டை நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

காலை எட்டு இருபதுக்குப் பத்து நிமிடம் கட்டிங் டேபிளைச் சுற்றி நிற்போம். நாற்காலி கிடையாது. நேற்றைய புரொடக்‌ஷன் போர்டில் இருக்கிறது, அதைப் படிக்க மாட்டோம். ஒரே கேள்வி: இன்றைக்கு எது நிற்கும்? நூல் வரவில்லை, லேபிள் பற்றாது, ஃப்ளாட்லாக் மெஷினில் ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது, ஒடிசா பிள்ளைகள் நான்கு பேர் ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். இதெல்லாம் காலையிலேயே வந்துவிட்டால் அன்றைக்கு என் போன் பாதியாகக் குறையும்.

அப்புறம் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் ஒரு நடை. அந்த நேரத்துக்கு மீட்டிங் வைக்க ஒப்புக்கொள்வதில்லை. எப்போது வருவேன் என்று தெரிந்தால் சின்ன விஷயங்களை அதுவரை பிடித்து வைக்கிறார்கள். சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு. யாரிடம் என்ன சொன்னேன், எதற்கு என்ன வாக்குக் கொடுத்தேன் என்று குறித்துக்கொள்வேன். பிஸியான ஆள் முதலில் மறப்பது தான் கொடுத்த வாக்கைத்தான்.

வாட்ஸ்அப் குரூப் வைத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நூறு போட்டோ, நாற்பது 'ஓகே சார்', காலையில் பூப்படம். மூன்று மாதத்தில் ஊற்றி மூடினோம்.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் இன்னும் எல்லாவற்றுக்கும் போன் செய்வார். "நான் இன்னைக்கு ஊர்ல இல்லேன்னா என்ன செய்வீங்கண்ணா?" என்று கேட்பேன். சரியான பதிலாகத்தான் சொல்வார். "அதையே செய்யுங்க" என்று வைத்துவிடுவேன். அடுத்த நாளும் போன் வரும். அவரிடம் இதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை.

நேவி ப்ளூ அக்கா அதே மூன்றாவது லைனில்தான் இருக்கிறார். போன வாரம் நாலு மணி நடையில் அவரைக் கடந்து போனபோது, கையில் வேலையை விடாமலே, "காலைல அரை மணி நேரம் நிறுத்துனமுங்க சார், நூல் ஷேடு. இப்ப ஓடுது" என்றார். நோட்டை எடுத்தேன். "அதெல்லாம் எழுத வேண்டாமுங்க, மாத்தியாச்சு" என்று அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.