ஃபோர்ஹேண்டுக்கு எந்த டிரைவர்? வாசகர் கேள்விகள்

கேள்வி: தட்டை வீசிக் கூடைக்குள் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் ஆடத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து வீசும் பேக்ஹேண்ட் ஓரளவு படிந்துவிட்டது. உள்ளங்கை மேல்நோக்கப் பக்கவாட்டில் வீசும் ஃபோர்ஹேண்டில்தான் தகராறு. தூரம் போகும் என்று நண்பர்கள் சொன்னதை நம்பி இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் என்ற டிரைவரை (தூரம் வீசுவதற்கான தட்டு) வாங்கினேன். கையை விட்டதுமே படபடவென்று ஆடி, இடப்பக்கம் கவிழ்ந்து, தரையில் உருண்டு ஓடுகிறது. நான் வலது கைக்காரன். ஃபோர்ஹேண்டுக்கென்றே ஒரு டிரைவர் சொல்லுங்களேன்.

பதில்: டெஸ்ட்ராயரை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இப்போதைக்குப் பையின் அடியில் கிடக்கட்டும்.

அதன் எண்களைப் பாருங்கள்: 12, 5, -1, 3. வேகம், கிளைடு, டர்ன், ஃபேட் என்ற வரிசை. கிளைடு என்பது தட்டு மிதக்கும் தன்மை, டர்ன் என்பது வேகமாகப் போகும்போது அது சாயும் அளவு, ஃபேட் என்பது கடைசியில் வேகம் குறையும்போது எதிர்ப்பக்கம் இறங்கும் அளவு. வேகம் 12 என்றால் தட்டு தானாகப் பறந்துவிடும் என்று பொருளல்ல. அந்த வேகத்துக்கு நீங்கள் விட்டால்தான் மற்ற மூன்று எண்களும் பலிக்கும். சரி, மெதுவாக விட்டால் என்ன ஆக வேண்டும்? டர்ன் என்ற பேச்சே இல்லாமல் ஃபேட் சீக்கிரம் வந்து, தட்டு வலப்பக்கம் இறங்கிவிட வேண்டும். உங்களுக்கோ இடப்பக்கம் கவிழ்கிறது. ஆக, கையில் வேகம் போதவில்லை என்பது மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. தட்டு விரலை விட்டுக் கிளம்பும்போதே ஆடிக்கொண்டு கிளம்புகிறது, அந்த ஆட்டம்தான் அதைக் கவிழ்க்கிறது.

பேக்ஹேண்டில் கை மார்புக்குக் குறுக்கே நீளமாக வருவதால் சுழற்சி கேட்காமலே கிடைக்கும். ஃபோர்ஹேண்டில் அந்தப் பாதை குட்டை. வேகம் முன்கையிலிருந்து சுலபமாக வந்துவிடும், சுழற்சி மட்டும் மணிக்கட்டும் நடுவிரலும் கொடுத்தால்தான் உண்டு. குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்தவிடும்போது மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுவோமே, அதுதான் இங்கேயும் வேண்டும். பலர் தோளைப் போட்டு எறிகிறார்கள். இன்னும் சிலர் விடுகிற கணத்தில் உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் புரட்டிவிடுகிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் இந்த இரண்டாவது கட்சி என்று தோன்றுகிறது. பழைய புட்டர் (கூடைக்கு அருகில் வீசும் மெதுவான தட்டு) ஒன்றை எடுத்து, உள்ளங்கை கடைசிவரை வானத்தைப் பார்க்கும்படி மெதுவாக வீசிப் பாருங்கள். புட்டர் எதையும் மறைக்காது. எவ்வளவு ஆட்டம் இருக்கிறதோ அவ்வளவும் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது தட்டுக்கு வருகிறேன். வேகம் 7 முதல் 9 வரை, டர்ன் 0, ஃபேட் 2 அல்லது 3. இந்த எல்லைக்குள் எதை எடுத்தாலும் பெரிதாக ஏமாற மாட்டீர்கள். இன்னோவாவில் டீபேர்டு (7, 5, 0, 2), தண்டர்பேர்டு (9, 5, 0, 2). டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தில் ராப்டர் (9, 4, 0, 3). ஃபோர்ஹேண்ட் என்றதும் எல்லோரும் சொல்லும் ஃபயர்பேர்டு (9, 3, 0, 4) எங்கே என்று கேட்பீர்கள். அருமையான தட்டு, என் பையிலும் எப்போதும் இருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு அதை முதல் தட்டாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அது அவ்வளவு ஓவர்ஸ்டேபிள். எப்படி ஆட்டிவிட்டாலும் பொறுத்துக்கொண்டு, நிமிர்ந்து, வலப்பக்கம் போய் விழும். ஆட்டம் இருந்ததே உங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் அதையே வீசியவர் கையில் ஒரு டீபேர்டைக் கொடுத்துப் பாருங்கள், முகம் மாறிவிடும். தினமும் பழக டீபேர்டு, மரத்தைச் சுற்றி வலப்பக்கம் வளைக்கவும் தரையில் சறுக்கவிடவும் ஃபயர்பேர்டு. இது என் கணக்கு.

எண்களைவிட நான் அதிகம் பார்ப்பது விளிம்பின் அகலம். டீபேர்டில் சுமார் 1.7 செ.மீ., டெஸ்ட்ராயரில் சுமார் 2.2. அரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், விரலுக்குத்தான் தெரியும் அதன் அருமை. கடையில் தட்டை எடுத்து உள்ளங்கையை மேல்நோக்கி வையுங்கள். நடுவிரலின் சதை விளிம்பின் உட்சுவரில் முழுதாகப் பதியட்டும். ஆள்காட்டி விரலை அதற்குப் பின்னால் ஒட்டியோ, அடிப்பக்கத்தில் விரித்தோ வையுங்கள், உங்கள் சௌகரியம். பெருவிரலால் மேலே அழுத்துங்கள். இப்போது மணிக்கட்டை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தட்டின் மறுமுனை தொங்கினாலோ, பெருவிரல் எட்டிப் பிடிக்கத் திணறினாலோ அந்த விளிம்பு உங்களுக்கு அகலம். என் விரல்கள் குட்டை. 2.2-ஐப் பிடித்தால் பெருவிரல் நுனிதான் மேலே ஒட்டும், விடும்போது தட்டு வழுக்கும். என்னைவிட நீளமான விரல்காரர் அதையே சும்மா எடுத்து வீசுவார்.

இன்னொன்று, தட்டின் முதுகு, அதாவது மேல்பரப்பு. ஒரே பெயர், ஒரே நிறுவனம் என்றாலும் சில தட்டுகள் நடுவில் மேடிட்டும் சில தட்டையாகவும் வருகின்றன. மேசைமேல் இரண்டையும் அருகருகே வைத்துக் கண்மட்டத்தில் குனிந்து பாருங்கள். ஃபோர்ஹேண்டுக்குத் தட்டையானதை எடுங்கள். பெருவிரல் நன்றாகப் படியும்.

கேள்வி: பெண்களுக்கு பேக்ஹேண்டே போதும், ஃபோர்ஹேண்ட் சரிப்படாது என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். அப்படியே ஆடினாலும் 150 கிராம் தட்டுதான் எடுக்க வேண்டுமாம். உண்மையா?

பதில்: 2012-இல் பெண்கள் உலகப் பட்டத்தை வென்ற சாரா ஹோக்கமின் பெயரே ஃபோர்ஹேண்டுக்குப் பிரசித்தம். உங்கள் குழுவின் அந்த ஆளிடம் இதைச் சொல்லிவிட்டு உங்கள் முறை வரும்போது வீசுங்கள்.

எடை விஷயம் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டியது. விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் என்பது பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் வைத்திருக்கும் உச்சவரம்பு. 21.1 செ.மீ. டிரைவருக்கு அது 175 கிராமை ஒட்டி வரும். பலர் கண்ணை மூடிக்கொண்டு அந்த உச்சத்தையே வாங்குகிறார்கள், தேவையே இல்லை. அதே சமயம் 150-க்கு இறங்கினால், ஃபோர்ஹேண்டில் வரும் சின்ன ஆட்டத்தைக்கூட லேசான தட்டு தாங்காமல் கவிழ்ந்துவிடும், காற்று வேறு அதைத் தூக்கி விளையாடும். 165-இலிருந்து 170-க்குள் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டுக்கு பாரமாகத் தெரிந்தால் இன்னும் ஐந்து கிராம் குறையுங்கள். அகலமான விளிம்புள்ள லேசான தட்டைவிட, குறுகிய விளிம்புள்ள நடுத்தர எடை உங்களுக்கு நன்றாக உழைக்கும்.

கேள்வி: நான் இடது கை. நீங்கள் சொல்லும் தட்டுகள் எனக்கும் பொருந்துமா?

பதில்: தாராளமாக. திசை மட்டும் மாறும். உங்கள் ஃபோர்ஹேண்ட் கடைசியில் இடப்பக்கம் விழும், வலது கைக்காரரின் பேக்ஹேண்ட் மாதிரியே. தட்டு போகும் கோட்டை யாராவது விளக்கும்போது தலைக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் உங்களுக்கு, அது ஒன்றுதான் சள்ளை.

கேள்வி: இன்னோவா தட்டுகளில் டிஎக்ஸ் என்ற வகை பிளாஸ்டிக் விலை குறைவு. சாம்பியன் பிளாஸ்டிக்குக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீணா?

பதில்: எந்தத் தட்டு என்பதைப் பொறுத்தது. டிஎக்ஸ் மென்மையானது. நான்கைந்து மரத்தில் நன்றாக அடிபட்டால் விளிம்பில் பிசிறு தட்டி, குணம் மாற ஆரம்பிக்கும். நாளாக ஆக ஓவர்ஸ்டேபிள் தன்மை கரைந்துகொண்டே வரும். ஃபயர்பேர்டை வாங்குவதே அந்தத் தன்மைக்காக, அதனால் அதைச் சாம்பியனில் வாங்குங்கள். டீபேர்டு கதை வேறு. நன்றாக அடிபட்டுத் தேய்ந்த டிஎக்ஸ் டீபேர்டு, சுத்தமான ஃபோர்ஹேண்டில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். கடையில் புதிதாகக் கிடைக்காத தட்டு அது. தேய்ந்துவிட்டது என்று யாராவது தூக்கிப் போட்டால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிசிறை மட்டும் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிடுங்கள், விரலைக் கிழிக்கும்.

கேள்வி: எதிர்க்காற்றில் என் ஃபோர்ஹேண்ட் எகிறிக் கவிழ்கிறது. காற்றில்லாத நாளில் நன்றாகத்தான் போகிறது.

பதில்: எதிர்க்காற்றில் தட்டைப் பொறுத்தவரை காற்று வேகமாக வந்து மோதுகிறது, அதாவது நீங்கள் இன்னும் வேகமாக வீசிய மாதிரி. டர்ன் கூடும், ஃபேட் தாமதமாகும். ஃபயர்பேர்டை எடுக்க வேண்டிய நேரம் இதுதான். தட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் எந்தத் தட்டும் காப்பாற்றாது, மூக்கைத் தாழ்த்தி, மார்பு உயரத்துக்கு மேல் போகாதபடி வீசுங்கள். காற்றை ஜெயிக்க வேண்டுமென்று பலத்தைக் கூட்டாதீர்கள், கவிழ்வதுதான் கூடும். பின்காற்றில் எல்லாம் தலைகீழ். ஃபயர்பேர்டு பொத்தென்று விழும், டீபேர்டோ அதைவிட நேரான ஒன்றோ எடுங்கள்.

கேள்வி: ஃபோர்ஹேண்ட் பழகிய பிறகு முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது. லேசான டிரைவருக்கு மாறட்டுமா?

பதில்: முதலில் வீசுவதை நிறுத்துங்கள். எந்த டிரைவருக்கும் மாற வேண்டாம். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், அது என் துறை அல்ல.

வலி போன பிறகு வேகம் 7-க்கு மேல் எதையும் கொஞ்ச காலம் தொடாதீர்கள். பெரிய எண்ணைக் கையில் எடுத்தால், அதை ஓட்ட வேண்டுமே என்று கை தானாகவே இழுக்கும். முழங்கையை விலாவுக்கு அருகில் வைத்து, இடுப்பை முதலில் திருப்பி, கை பின்னால் வரட்டும். ஆட்டம் தொடங்கியதும் முதல் டீயிலேயே (வீசத் தொடங்கும் இடம்) முழு பலத்தில் ஃபோர்ஹேண்ட் வீசுவது பலருக்கு வழக்கம். அதற்கு முன்னால் ஒரு புட்டரை எடுத்துப் பக்கத்திலிருப்பவரிடம் நிதானமாகப் பத்து இருபது தடவை தட்டிவிடுங்கள். அவர் திருப்பி வீசுவதற்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும்.