சீலோவாமில் விழுந்த கோபுரம்

வணக்கம் ஐயா,

என் அக்காவின் ஏழு வயது மகன், சுவர் இடிந்து விழுந்து இறந்து மூன்று மாதம் ஆகிறது. அந்த நேரத்தில் அந்தப் பக்கமாக நடந்து போனான், அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்தவர்கள் "தேவ சித்தம்" என்றார்கள். "பரலோகத் தோட்டத்துக்கு ஒரு பூ தேவைப்பட்டது" என்றார் ஒருவர். அன்றிலிருந்து அக்கா ஜெபிப்பதில்லை. வேதாகமத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். விசுவாசியாக நான் அவளிடம் என்ன சொல்லட்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பூ கதையை முதலில் தூக்கிப் போடுங்கள். தாயின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கித் தன் தோட்டத்தை அழகுபடுத்துகிற கடவுளை நான் வேதாகமத்தில் பார்த்ததில்லை.

இடிந்து விழுந்த கட்டடம் ஒன்றைப் பற்றி இயேசுவே பேசியிருக்கிறார், லூக்கா 13-ல். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்கிறார். உடனே, நீங்கள் மனந்திரும்புங்கள் என்று கேட்பவர்களிடம் கடுமையாகவும் சொல்கிறார். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கோபுரம் ஏன் விழுந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.

அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் நமக்கு வாய் துடிக்கிறது. 1755 நவம்பர் 1, போர்ச்சுகலின் லிஸ்பனில் பூகம்பம். அனைத்துப் புனிதர்கள் திருநாள், ஆலயங்கள் நிறைந்திருந்த காலை நேரம். கும்பிட வந்தவர்கள் மேலேயே கூரை விழுந்தது. மலக்ரிதா என்ற பாதிரியார், இது ஊர் செய்த பாவத்துக்கான தண்டனை என்று அடுத்த வருடமே எழுதி அச்சிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் கையில் அது கிடைத்திருந்தால்?

வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்களை எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. வந்ததும் இரவுபகல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். நம்மில் யார் ஏழு நிமிடம் அப்படி உட்காருகிறோம்? எட்டாம் நாள் கடவுளுக்காக வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்தார்கள், கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்களிடம்தான். அவரோடு சண்டை போட்ட யோபு சரியாகப் பேசினான் என்கிறார். உங்களுக்குப் பேச வார்த்தை இல்லாதது குறையே இல்லை.

அக்கா ஆறுதலை ஏற்கவில்லையே என்று பதறாதீர்கள். பெத்லெகேமில் ஏரோது ராஜா குழந்தைகளைக் கொன்றதை எழுதும் மத்தேயு, இஸ்ரவேலரின் ஆதித்தாய் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது "ஆறுதலடையாதிருக்கிறாள்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவளைத் தேற்ற ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. கிறிஸ்து பிறந்த கதைக்குள்ளேயே அந்த அழுகை அப்படியே இருக்கிறது.

சரி, ஜெபம்? கைகால் அசையாத திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்களே, மாற்கு 2-ல். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" அவனிடம் பேசினார் என்றுதான் இருக்கிறது. படுத்திருந்தவனுக்கு விசுவாசம் இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. இப்போதைக்கு அக்கா ஜெபிக்க வேண்டாம், நீங்கள் ஜெபியுங்கள். அதை அவளிடம் சொல்லிக் காட்டாதீர்கள். வேதாகமம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

அப்புறம், வீட்டில் எல்லோரும் பையனின் பெயரைச் சொல்லப் பயந்துகொண்டிருப்பார்கள். நீங்கள் சொல்லுங்கள். அவன் செய்த குறும்பு ஏதாவது ஞாபகம் வந்தால் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். அழுவாள். எழுந்து போய்விடாதீர்கள்.