ரூம் எங்கே எடுப்பது? மேட்ச் முடிந்து திரும்பும் வழியைப் பார்த்து முடிவெடுங்கள்

கேள்வி: உலகக் கோப்பை நாக் அவுட் மேட்ச் ஒன்றுக்கும் இறுதிப் போட்டிக்கும் டிக்கெட் கிடைத்திருக்கிறது. நான், தம்பி, எழுபது வயதைத் தொடும் அப்பா என மூன்று பேர் போகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. மைதானத்தை ஒட்டிய ஹோட்டல்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு விலை சொல்கின்றன. நகர மையத்தில் தங்கலாமா? அபார்ட்மென்ட் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடலாமா? பணத்தை இப்போதே கட்டுவதா, கொஞ்சம் பொறுப்பதா?

பதில்: மைதானத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். மேட்ச் முடிந்த பிறகு ரூமுக்கு எப்படித் திரும்பப் போகிறீர்கள்? அதுதான் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். போகும்போது கூட்டம் மூன்று நான்கு மணி நேரத்தில் பிரிந்து பிரிந்து வந்து சேரும். முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். அதுவும் பெரும்பாலும் ராத்திரியில், ரயில்கள் குறையத் தொடங்கும் நேரத்தில்.

2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள மெட்லைஃப் மைதானத்தில் சூப்பர் பௌல் (அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதிப் போட்டி) நடந்தபோது இதுதான் நடந்தது. அமைப்பாளர்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் பேர் ரயிலை நம்பி வந்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் ஸ்டேஷனில் நெரிசல். கொஞ்ச நேரம் மைதானத்துக்குள்ளேயே இருங்கள் என்று ரசிகர்களுக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. பல ஆயிரம் பேர் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களில் பலரும் நல்ல ஹோட்டலில்தான் ரூம் எடுத்திருப்பார்கள், ஆனால் அங்கே போய்ச் சேர வழி இல்லை.

என் கணக்கில் நல்ல இடம் இரண்டுதான். ஒன்று, நடந்தே போய்விடக்கூடிய இரண்டு கிலோமீட்டருக்குள். இன்னொன்று, கொஞ்சம் தூரமானாலும் வண்டி மாறாமல் ஒரே ரயிலில் போகக்கூடிய இடம். இரண்டுக்கும் நடுவே, ஐந்து முதல் எட்டு கிலோமீட்டரில், ரயில் பாதை இல்லாத பகுதிதான் ஆளை ஏமாற்றும். வரைபடத்தில் பக்கமாகத் தெரியும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் மேட்ச் நாளில் சுற்றுவட்டார ரோடுகளை அடைத்துவிடுவார்கள். டாக்ஸி நிற்கும் இடத்துக்கே வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும். அப்படி நடந்து போனாலும் கட்டணம் ஏறியிருக்கும், வண்டி கிடைக்காது.

ரயில் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சின்ன தந்திரம் உண்டு. கூட்டத்தில் பெரும்பகுதி நகர மையத்தை நோக்கித்தான் போகும். மைதானத்துக்கு அந்தப் பக்கம், அதாவது மையத்துக்கு எதிர்த்திசையில் சில ஸ்டேஷன் தள்ளித் தங்கினால், ரயிலில் உட்காரவே இடம் கிடைக்கலாம். வாடகையும் அங்கே பொதுவாகக் குறைவு. அந்தத் திசையில் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் உறுதிசெய்து கொள்ளுங்கள்.

அதைப் பார்க்கும் முறை இதுதான். வரைபடச் செயலியில் மைதானத்தைத் தொடக்கமாகவும் ஹோட்டலைச் சேருமிடமாகவும் வையுங்கள். புறப்படும் நேரத்தை ‘இப்போது’ என்று விடாமல், மேட்ச் நடக்கும் அதே கிழமையில், முடியும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து வைத்துத் தேடுங்கள். பகலில் இருபது நிமிடம் காட்டிய வழி, ராத்திரி பதினொன்றரைக்கு இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம் என்று காட்டினால் அந்த ஹோட்டலை விட்டுவிடுங்கள். கால்பந்து நாக் அவுட் என்றால் கூடுதல் நேரம் 30 நிமிடம், அதற்கு மேல் பெனால்டி என்று நீளலாம், அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். சிறப்பு ரயில்கள் செயலியில் தெரியாமல் போகலாம். போட்டி அமைப்பாளர்களின் போக்குவரத்து அறிவிப்பையும் ஒருமுறை பாருங்கள்.

ஊர்ப் பெயரை நம்பி ரூம் போடாதீர்கள். 2026 கால்பந்து உலகக் கோப்பைப் பட்டியலில் ‘பாஸ்டன்’ என்று குறித்த மைதானம் இருப்பது ஃபாக்ஸ்பரோவில், பாஸ்டனுக்கும் பிராவிடென்ஸுக்கும் நடுவே. ‘சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி’ என்று போட்டது சாண்டா கிளாராவில், சான் ஹோசேவுக்குத்தான் அது பக்கம். லண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் அரங்குக்குப் பக்கமான சுரங்க ரயில் ஸ்டேஷன் விம்பிள்டன் அல்ல, சவுத்ஃபீல்ட்ஸ். எனவே தேடும்போது ஊர்ப் பெயரைப் போடாமல் மைதானத்தின் முகவரியையே போடுங்கள்.

இனி பணம் கட்டும் விஷயம். இன்றே புக் செய்யுங்கள், ஆனால் இலவசமாகக் கேன்சல் செய்யக்கூடிய ரூமாகப் பார்த்து. ரீஃபண்ட் கிடையாது என்ற நிபந்தனையோடு வரும் மலிவு விலை, இந்த மாதிரிப் பயணத்துக்கு மலிவே அல்ல. 2023 கிரிக்கெட் உலகக் கோப்பையில் அகமதாபாத்தில் அக்டோபர் 15 என்று அறிவித்த இந்தியா–பாகிஸ்தான் மேட்சை, அந்த ஆகஸ்டில் 14-ஆம் தேதிக்கு மாற்றினார்கள். அதே ஊரில் அதே ஆண்டு மே 28 அன்று நடக்க வேண்டிய ஐபிஎல் இறுதிப் போட்டி மழையால் ரிசர்வ் டேவுக்கு (அதற்காகவே ஒதுக்கிய மாற்று நாள்) தள்ளிப்போய், முடியும்போது 30-ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணியைத் தாண்டிவிட்டது. 28 ராத்திரிக்கு மட்டும் ரூம் போட்டிருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உங்களுடையது கிரிக்கெட் என்றால், ரிசர்வ் டே ராத்திரியையும் சேர்த்தே புக் செய்துவிடுங்கள். மழை வராவிட்டால் அந்த ஒரு ராத்திரியைக் கேன்சல் செய்ய முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். கேன்சல் கெடு எந்த ஊர் நேரப்படி என்பதையும் கவனியுங்கள்; பெரும்பாலும் அது ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரம்தான்.

கையில் ஒரு ரூம் இருக்கும்போது விலையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கொண்டிருக்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு முன்பு விண்ணைத் தொட்ட ஹோட்டல் விலைகள், தேதி நெருங்க நெருங்க இறங்கின. வழக்கமான சுற்றுலாப் பயணிகள் கூட்டத்துக்குப் பயந்து ஒதுங்கியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் பாரிஸில் ரூம்களுக்குப் பஞ்சமில்லை. சின்ன நகரமாக இருந்தால் அந்தச் சூதாட்டம் வேண்டாம். 2022 கால்பந்து உலகக் கோப்பையின்போது ரூம் போதாமல் கத்தார், தோஹா துறைமுகத்தில் பயணக் கப்பல்களை நிறுத்தி அவற்றில் ரசிகர்களைத் தங்கவைத்தது. பக்கத்து நாடுகளில் தங்கி விமானத்தில் வந்து மேட்ச் பார்த்துத் திரும்பியவர்களும் உண்டு.

அபார்ட்மென்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று பேருக்குச் சமையலறையோடு வசதிதான். ஆனால் இறுதிப் போட்டி ராத்திரிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். விலை ஏறியதும், முன்பு குறைந்த வாடகைக்கு ஒத்துக்கொண்ட உரிமையாளர் ஏதாவது காரணம் சொல்லிக் கேன்சல் செய்துவிடுவது நடக்கிற கதை. புக் செய்த இணையதளம் பணத்தைத் திருப்பித் தந்துவிடும், அந்த விலைக்கு வேறு ரூமைத் தராது. நாக் அவுட் மேட்ச் ஊரில் அபார்ட்மென்ட் எடுங்கள். பல ஆண்டு விமர்சனங்கள் உள்ளதா, அந்த நகரம் உரிம எண் கேட்டால் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா இருப்பதால் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அப்பாவுக்காக இன்னொன்று. இரண்டு கிலோமீட்டர் நடை என்று மேலே சொன்னது உங்களுக்கும் தம்பிக்கும்தான். கூட்டத்தோடு நகர்ந்தால் அந்தத் தூரம் ஒரு மணி நேரம்கூட ஆகலாம், நடுவில் உட்கார இடம் இருக்காது. அதனால் நேரடி ரயில் பாதையில், ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடையில் உள்ள ஹோட்டலாக எடுங்கள். அந்த ஸ்டேஷனில் லிஃப்ட் உண்டா என்று பாருங்கள். நடக்கச் சிரமப்படுவோருக்குத் தனி வாகனமோ இறங்குமிடமோ பல பெரிய போட்டிகளில் உண்டு. ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். டிக்கெட் கையில் இருக்கும் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

புக் செய்த பிறகு, அது இணையதளம் வழியாக என்றால், ஹோட்டலுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி மூன்று பேர் பெயரும் அவர்கள் பதிவில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மேட்ச் நாளன்றே ஊர் போய்ச் சேர்ந்து, நேரே மைதானம் போய்விட்டு, நள்ளிரவில் செக்-இன் செய்யும் திட்டம் வேண்டாம். ஆள் வரவில்லை என்று ரூமை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. முதல் நாளே போய்விடுங்கள்.

இறுதிப் போட்டி முடிந்த ராத்திரிக்கும் ரூம் இருக்கட்டும். காலையில் ரூமைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு மைதானம் போக முடியாது. பல அரங்குகளில் கைப்பையைத் தவிர எதையும் உள்ளே விடுவதில்லை, பை வைக்கும் இடமும் எல்லா இடத்திலும் கிடையாது. திரும்பும் விமானத்தை மறுநாள் பிற்பகலுக்கு மேல் போடுங்கள்.