எம்ஆர்என்ஏ இருக்கு, புரோட்டீன் காணோம்: ஆன்டிபாடி மேல பழி போடாதீங்க

கேள்வி: சி. எலிகன்ஸ் புழுவோட கோனாட்ல (இனப்பெருக்க உறுப்புல) ஆர்எம்இ-2ங்கிற புரோட்டீனை பாக்குறேன். நடுப்பகுதியிலயே அதோட எம்ஆர்என்ஏ (புரோட்டீன் செய்யறதுக்கான செய்தி) நல்லா தெரியுது, ஆனா ஆன்டிபாடி போட்டா வளைவுப் பக்கம் வளர்ற முட்டை செல்லுலதான் சிக்னல் வருது. ஆன்டிபாடி கெட்டுப்போச்சா, புதுசு வாங்கணுமா?

வாங்காதீங்க, காசு வேஸ்ட். அதே கோனாட்லயே முட்டை செல்லு பளிச்சுனு தெரியுதுன்னா ஆன்டிபாடி வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம், நடுவுல புரோட்டீன் நெஜமாவே இல்ல. மளிகை சாமான் எல்லாம் வந்து இறங்கியாச்சு, அடுப்பு இன்னும் பத்தவைக்கல, அவ்ளோதான். பத்தவைக்க விடாம புடிச்சி வச்சிருக்கிறது ஜிஎல்டி-1னு ஒரு ஆர்என்ஏ-பைண்டிங் புரோட்டீன். ஆர்எம்இ-2ங்கிறது மஞ்சள் கருவை உள்ள இழுக்குற ரிசெப்டர், நடுப்பகுதியில பேக்கிடீன்ல (மியோசிஸோட ஒரு ஆரம்ப கட்டம்) இருக்கிற செல்லுக்கு அது எதுக்கு? அங்க ஜிஎல்டி-1 அந்த எம்ஆர்என்ஏல உக்காந்து ரைபோசோம் வேலையை தடுக்குது, வளைவுகிட்ட ஜிஎல்டி-1 கொறைய கொறைய ஆர்எம்இ-2 வர ஆரம்பிக்குது. இதுல வேடிக்கை, கோனாட் நுனியில ஸ்டெம் செல்லுல இந்த ஜிஎல்டி-1ஐயே எஃப்பிஎஃப்னு இன்னொரு புரோட்டீன் இதே மாதிரி அடக்கி வச்சிருக்கு.

செக் பண்ணணும்னா முதல்ல ஆர்எம்இ-2 ஆன்டிபாடியோட ஜிஎல்டி-1 ஆன்டிபாடியும் டாப்பியும் (டிஎன்ஏவை காட்டுற சாயம்) சேத்து போட்டு பாருங்க, ஜிஎல்டி-1 மங்குற எடத்துல ஆர்எம்இ-2 ஏறணும். ஆர்என்ஏஐ பண்ணி ஜிஎல்டி-1ஐ கொறைக்கலாம்தான், ஆனா அது சுத்தமா போயிட்டா பேக்கிடீன்ல இருக்கிற செல்லெல்லாம் திரும்ப மைட்டோசிஸுக்கு போய் ட்யூமர் ஆயிடும், அப்புறம் எது எந்த ஸ்டேஜ்னே சொல்ல முடியாது.

ஜீன் எங்க வேலை செய்யுதுன்னு மின்னிக் காட்டுற ரிப்போர்ட்டர் கட்டுறீங்கன்னா ஒண்ணு கவனிங்க, 3' யூடிஆர் (எம்ஆர்என்ஏவோட வால் பக்கம் புரோட்டீனா மாறாத பகுதி) அந்த ஜீனோட சொந்தமா இருக்கணும். நான் ஒரு தடவ வேற ஜீனுக்கு, எங்கயும் தடுக்காத டிபிபி-2 ஜீனோட யூடிஆரை ஒட்டிட்டு, கோனாட் முழுக்க ஜிஎஃப்பி (பச்சையா ஒளிருற புரோட்டீன்) மின்னுதேன்னு ரெண்டு மாசம் புரோமோட்டரை (ஜீனை ஆன் பண்ற பகுதியை) திட்டிட்டு இருந்தேன், தப்பு அங்க இல்லவே இல்ல. இந்த புழுவோட ஜெர்ம்லைன்ல (முட்டை, ஸ்பெர்ம் ஆகப்போற செல்கள்ல) ஸ்பெர்ம் ஜீன்களை விட்டா புரோமோட்டர் பெருசா கட்டுப்படுத்துறதில்ல, 3' யூடிஆர்தான் முக்கியம்னு ஜெரால்டின் செய்டூ லேப் 2008லயே 30 ஜீனை வச்சு காட்டியாச்சு. ஆனா ஆர்எம்இ-2 எம்ஆர்என்ஏல ஜிஎல்டி-1 3' யூடிஆர்ல மட்டும்தான் உக்காருதுன்னு நெனச்சிடாதீங்க, அந்த எம்ஆர்என்ஏவோட 5' பக்கத்தையும் (தலைப் பக்கம்) தேடுங்க. யூ, ஏ, சி, யூ, அடுத்து ஏ இல்ல சி, கடைசியா ஏ, இந்த ஆறு எழுத்து எங்க வருதுன்னு பாத்து மாத்துங்க. நடுவுலயும் மின்ன ஆரம்பிச்சா ஆள் மாட்டிக்கிட்டாரு. சிங்கிள் காப்பியா ஜீனோம்ல சொருகுங்க, சும்மா நெறைய காப்பி கோர்த்த அர்ரேயா விட்டா ஜெர்ம்லைன்ல சைலன்ஸ் ஆயிடும்.