பயன் சொன்னவர் எங்கே நிறுத்தினார்?

கேள்வி: கோயிலில் புராணப்படிப்புக்குப் பயன் சொல்பவன் (ஒருவர் பாட்டைப் படிக்க, அதன் பொருளை விளக்குபவன்) நான். போன மாதம் எங்கள் ஒழுங்கையில் உள்ள செபவீட்டு யன்னலை என் இருபது வயது மகனும் கூட்டாளிகளும் கல்லெறிந்து உடைத்துவிட்டார்கள். கேட்டால், "எறிபத்த நாயனார் மழுவே எடுத்தவர், நான் கல்லுத்தானே எடுத்தனான்" என்கிறான். (என் தங்கையும் அங்கேதான் போகிறாள். அவள் மதம் மாறி ஆறு வருசம். அவள் வீட்டில் நாங்கள் பச்சைத்தண்ணியும் குடிப்பதில்லை.) சமய நூல்களே வன்முறையைச் சொல்கின்றனவா? எந்த நூலைக் கொடுத்து இவனைத் திருத்துவது?
- கோண்டாவில் வாசகர்

பதில்: தம்பி, நூல் ஒன்றும் கொடுக்க வேண்டாம். அடைப்புக்குறிக்குள் எழுதினீர்களே, அதைப் பேசுவோம்.

ஆறு வருசத்துக்கு முந்தி அவனுக்கு வயது பதினாலு. ஒழுங்கையால் மாமி வரும்போது அப்பா முகத்தைத் திருப்புவதைப் பார்த்து வளர்ந்திருக்கிறான். பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு அவனை மடியில் வைத்திருந்தவளும் அவளாகத்தான் இருக்கும். எங்கே எறிந்தால் வீட்டில் பெரிதாக ஏச்சு விழாது என்று அவனுக்குத் தெரியும்.

நூல்களில் வன்முறை இருக்கிறதா என்றால், இருக்கிறது. சிவனுக்குப் பூக்கொண்டுபோன அடியார் சிவகாமியாண்டாரின் பூக்கூடையைச் சிதறிய பட்டத்து யானையையும் கூட வந்த ஐந்து பேரையும் எறிபத்தர் வெட்டினார். ஆனால் சேக்கிழார் அதோடு விடவில்லை. யானைக்குச் சொந்தக்காரரான அரசர் புகழ்ச்சோழர் வந்து விசாரித்து, இந்தக் குற்றத்துக்கு என்னையும் கொல்லுங்கள் என்று தன் வாளையே நீட்டுகிறார். வாங்கிய எறிபத்தர், இப்படிப்பட்டவருக்கா தீங்கு செய்தேன் என்று அதைத் தன் கழுத்தில் வைக்கிறார். பிறகு யானையும் ஆட்களும் உயிரோடு எழும்புகிறார்கள். அது புராணம். உங்கள் ஒழுங்கையில் கல்லுப்பட்டு விழுந்தவர் எழும்பமாட்டார்.

மகனுக்குக் கதை மழுவோடு முடிந்துவிட்டது. பயன் சொன்னவர் நீங்கள். மிச்சத்தையும் சொன்னீர்களா, இல்லை பூசைக்கு மணி அடித்ததும் எழும்பிவிட்டீர்களா?

போரில் செத்தவர்களில் ஒன்றரைப் பேர்தான் மனிதக் கணக்கில் வருவார்கள் என்று சிங்கள மன்னன் துட்டகைமுனுவைத் தேற்றிய துறவிகள், இலங்கைப் பௌத்த வரலாற்று நூலான மகாவம்சத்தில் இருக்கிறார்கள். அவர்களை எத்தனை மேடையில் ஏசியிருக்கிறோம்! எங்கள் வீட்டுப் பெடியன் அதே கணக்குப் பார்த்தால் மட்டும் நூல் தேடுகிறோம். நூலே தேவைப்படாத நேரமும் உண்டு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது யார் எந்தப் புராணத்தைப் புரட்டினார்கள்? அன்றைக்கு நானும் மதிலுக்கு உள்ளேதான் நின்றேன்.

கூடப்பிறந்தவள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கூடப்பிறந்தவள்தான். தாய் தகப்பனுக்குப் பிறகு அவளைப் பார்க்க வேண்டியது உங்கள் கடமை. அதில் சமயத்தைக் கொண்டுவந்து செருகாதீர்கள்.

இந்தக் கிழமையே மகனைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள். அவனை மன்னிப்புக் கேட்க உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் கேற்றடியில் நிற்க வேண்டாம். தேத்தண்ணி தருவாள், குடியுங்கள். அப்புறம் மூன்று பேருமாகச் செபவீட்டுக்கு நடந்து போங்கள். யன்னலை அவனே அளக்கட்டும். கண்ணாடிக் காசும் அவன் உழைத்த காசாக இருக்கட்டும். நீங்கள் பொக்கற்றில் கைவைக்க வேண்டாம்.