யார் கடைசி?

கேள்வி: கணவருக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. ஊர் அழகாக இருக்கிறதே என்று போன செப்டம்பரில் ஸ்பெயினின் கிரனாடா மாகாணத்தில் லான்ஹரோன் என்ற மலையூருக்குக் குடிவந்துவிட்டோம். நான் போகும் நேரமெல்லாம் கடை பூட்டியிருக்கிறது. திறந்திருந்தாலும் எனக்குப் பிறகு வந்தவர்களுக்குத்தான் முதலில் கொடுக்கிறார்கள். செயலியில் படித்த ஸ்பானிஷ் உதவவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் தினமும் “எங்கே போகிறாய்?” என்று துருவுகிறார். ஆறு மாதத்தில் ஒருவர்கூட வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. பேசாமல் ஊருக்குத் திரும்பிவிடலாமா?
– தென்காசிக்காரி

பதில்: தென்காசிக்காரிக்கு, முதலில் அந்தக் கடை விஷயம். பக்கத்து ஊரான ஓர்ஹிவாவில் நான் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். போன புதிதில் ஒரு மீன்கடையில் இருபது நிமிடம் நின்றேன். வந்தவர் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள், என் பக்கம் யாரும் திரும்பவில்லை. நிறத்தைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள் என்று அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் சுவரோரம் இருப்பார், இன்னொருவர் வாசலில் வெயில் காய்வார். உள்ளே நுழைந்ததும் பொதுவாக எல்லோரையும் பார்த்து “கியேன் எஸ் எல் உல்திமோ?” என்று கேட்க வேண்டும். யார் கடைசி என்று அர்த்தம். யாராவது “யோ” என்பார்கள். அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், அவருக்கு அடுத்தது நீங்கள். நான் அதைக் கேட்காததால் அவர்கள் கணக்கில் நான் வரிசையிலேயே இல்லை! உண்மையிலேயே நிறம் பார்த்து நடக்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள்.

கடை நேரம் சுலபம். இரண்டு மணிக்கு மூடினால் ஐந்து, ஐந்தரைக்குத்தான் திறப்பார்கள். நம் ஊர் வழக்கப்படி ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் பை எடுத்துக்கொண்டு கிளம்பினால் தெருவில் நாய்கூட இருக்காது. உங்கள் மதியச் சாப்பாட்டையே இரண்டரைக்குத் தள்ளிவிடுங்கள், இரவுச் சாப்பாட்டை ஒன்பதுக்கு. முதல் பத்து நாள் வயிறு சண்டை போடும், அப்புறம் பழகிவிடும்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். கிரனாடா இருக்கும் தென் ஸ்பெயின் பகுதியான அந்தாலூசியாவின் மக்கள் பாதி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். செயலி ‘பெஸ்காதோ’ என்று சொல்லிக்கொடுத்த மீன், கடைக்காரர் வாயில் ‘பெஹ்காவ்’ ஆகிவிடும். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று புத்தகத்தில் படித்துவிட்டுத் தென்காசிக்கு வரும் வெளிநாட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள், அவர் பாடுதான் உங்கள் பாடும். அந்தப் பகுதியில் பல ஊர்களில் பெரியவர்களுக்கான அரசுப் பள்ளிகள் உண்டு. வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் வகுப்பும் பல இடங்களில் நடக்கிறது. ஊராட்சி அலுவலகமான ‘அயுந்தமியேந்தோ’வில் விசாரியுங்கள். ‘பத்ரோன்’ எனும் குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் இன்னும் ஏறவில்லையென்றால் அதையும் அன்றே முடித்துவிடுங்கள். சுகாதார நிலையத்துக்குப் போனாலும் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இப்போது பாட்டிக்கு வருவோம். “எங்க கெளம்பிட்டிய?” என்று உங்கள் தெருவில் கேட்கிறவர்கள் உளவா பார்க்கிறார்கள்? இந்தப் பாட்டி கேட்பதும் அதேதான். “ஆ தார் உனா புவெல்தா”, சும்மா ஒரு சுற்று போய்வருகிறேன் என்று சிரித்தால் போதும். அவருக்கு வேண்டியது பதில் அல்ல, நீங்கள் நின்று பேசும் அரை நிமிடம்.

வீட்டுக்குக் கூப்பிடவில்லை என்ற வருத்தம் புரிகிறது. நமக்கு வீட்டுக்குள் வந்து ஒரு வாய் காப்பி குடித்தால்தான் உறவு. அங்கே நட்பு வளர்வது தெருவிலும் பாரிலும். பார் என்றதும் பதறாதீர்கள், காலையில் பாட்டிகள் காப்பி குடிப்பதும் அங்கேதான். தினமும் பத்தரை மணிக்கு ஒரே பாருக்குப் போங்கள். ‘மெதியா’ என்றால் பாதி ரொட்டியைச் சுட்டு, தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவார்கள். இரண்டு வாரத்தில் நீங்கள் கேட்காமலே அது மேசைக்கு வரும். சைவமாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் அங்கே பலருக்குப் பன்றித் தொடையும் சூரை மீனும் அதில் சேராது. “நி ஹமோன், நி அதூன்” என்று பெயர் சொல்லியே மறுக்க வேண்டும்.

கோடை வந்தால் இராத்திரி நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்வார்கள், நம் திண்ணைப் பேச்சு மாதிரி. 2021இல் காதிஸ் மாகாணத்து மலையூரான அல்காரின் மேயர், இந்த வாசல் அரட்டையை யுனெஸ்கோ பாரம்பரியமாக அறிவிக்க வேண்டும் என்று முயற்சியே எடுத்தார். உங்கள் நாற்காலியையும் பாட்டியின் பக்கத்தில் போடுங்கள். யாரும் அழைக்க மாட்டார்கள், அழைக்கவும் வேண்டியதில்லை.

எனக்கு உள்ளே அழைப்பு வந்தது இரண்டாவது குளிர்காலத்தில்தான். அங்கே ‘மெசா கமிய்யா’ என்று ஒரு வட்ட மேசை இருக்கும். தரைவரை கனத்த துணி தொங்கும், அடியில் கணப்பு. பக்கத்து வீட்டு அம்மா துணியின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, உட்கார் என்று கண்ணைக் காட்டினார். முழங்கால்வரை துணியை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பேசியதில் கால்வாசிதான் புரிந்திருக்கும்.

ஆகவே ஜூன்வரையாவது இருங்கள். 23ஆம் தேதி நள்ளிரவு, சான் ஹுவான் திருநாளுக்கு, உங்கள் ஊரில் ஒரு மணி நேரம் தண்ணீர்ச் சண்டை நடக்கும். பால்கனியிலிருந்து வாளி வாளியாகக் கொட்டுவார்கள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, வழுக்காத பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். எதிர்வீட்டு பால்கனிக்கு நேர் கீழே நிற்க மறக்காதீர்கள்.